முப்பத்தேழு... ஆப்சென்ட்!



காலை முதல் பீரியட். சார் ரிஜிஸ்டரைத் திறக்கிறார். தலை நிமிரவில்லை. "முப்பத்தி நாலு... முப்பத்தி அஞ்சு... முப்பத்தி ஆறு..." எல்லாம் எக்ஸ்பிரஸ் வேகம். "முப்பத்தி ஏழு..." பதில் இல்லை. "முப்பத்தி ஏழு ஆப்சென்ட். முப்பத்தி எட்டு..."

முப்பத்தேழாம் நம்பர்காரன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பேனாவுக்கு ரீஃபில் மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு காதும் கேட்காது. சார் நிமிர்ந்து பார்த்துக் கூப்பிட்டால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். ரிஜிஸ்டரைப் பார்த்துக் கூப்பிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்?

சில நாள் நான் "இருக்கான் சார்" என்று சொல்வேன். சில நாள் நானே லேட். சில நாள் எனக்கும் தூக்கக் கலக்கம். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் செமஸ்டர் முடிவில் நோட்டீஸ் போர்டில் ஷார்ட்டேஜ் லிஸ்ட் ஒட்டியபோது அவன் நம்பருக்கு எதிரே 71 என்று இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வகுப்பில் காந்திபுரத்தில் மேட்னி ஷோ பார்த்துக்கொண்டிருந்த நான்கைந்து பேருக்கு 85-க்கு மேல் இருந்தது! பிராக்ஸி கொடுப்பதில் நாம் கில்லாடிகள் அல்லவா? வராதவனுக்காக எழுந்து குரல் மாற்றி "யெஸ் சார்" சொன்ன நாம், வந்திருந்த ஒருவனுக்காகச் சொல்லவில்லை.

இந்த விஷயம் என் மனதை உறுத்தியதால்தான், ஆண்டு மலருக்குக் கவிதை எழுதித் தா என்று கேட்ட செயலாளரிடம் கட்டுரை எழுதித் தருகிறேன் என்றேன். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற தொழிற்கல்வி என்கிறார்களே, அதற்கு அட்மிஷன் எப்படி, சேர்ந்த பிறகு அட்டெண்டன்ஸ் எப்படி என்று கொஞ்சம் விசாரித்து, கொஞ்சம் படித்து எழுதுகிறேன்.

முதலில் அட்மிஷன்.

நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து முதலாமாண்டு. பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாமாண்டு. அதன்மேல் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு. இதற்குக் குறுக்கே போகிற இன்னொரு ஒதுக்கீடு மாற்றுத்திறனாளிகளுக்கானது. குறுக்கே என்றால், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் அந்தப் பிரிவுக்குள்ளேயே அவர்களுக்கு இடம் உண்டு என்று அர்த்தம்.

இது சும்மா வந்ததல்ல. 1995-இல் ஊனமுற்றோருக்கான சட்டம் என்று மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுக் கல்வி நிலையங்களிலும் அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களிலும் குறைந்தது 3 சதவீத இடம் என்றது. அதற்குப் பதிலாக 2016-இல் புதிய சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதியதில் 21. உயர்கல்வியில் இடமும் 5 சதவீதமாகக் கூடியது. வயது வரம்பிலும் ஐந்து வருடம் சலுகை. (இடையில் 2010-இல் நம் தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்று அரசு மாற்றியது. வார்த்தை மாறினால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. எதுவுமே மாறாததற்கு வார்த்தையாவது மாறியது தேவலை என்பது என் கட்சி.)

5 சதவீதம் என்றால் எவ்வளவு? அறுபது பேர் வகுப்பில் மூன்று பேர். ஐந்து பிராஞ்ச் உள்ள கல்லூரியில் வருடத்துக்குப் பதினைந்து பேர். உங்கள் வகுப்பில் மூன்று பேர் இருக்கிறார்களா என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இந்த 5 சதவீதக் கட்டாயம் அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிக்கும்தான். கோவை வட்டாரத்தில் சுயநிதிக் கல்லூரிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இரண்டு, இடம் இருந்தும் அப்ளிகேஷனே வருவதில்லை. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏன் வருவதில்லை? அப்ளிகேஷன் என்பது நமக்கு ஒரு காகிதம், அல்லது பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம். எங்கள் வீட்டில் அப்ளிகேஷனைப் படித்துப் பார்த்த முதல் ஆள் நான்தான். கம்யூனிட்டி, இன்கம் என்று ஒவ்வொரு சர்டிஃபிகேட்டுக்கும் அப்பா ஒரு நாள் கூலியை விட்டார். என் நண்பனுக்கு அதற்கு மேலும் ஒன்று தேவைப்பட்டது. 'யுடிஐடி' என்கிற தனித்துவ அடையாள அட்டை. இதற்கு ஆன்லைனில் பதிய வேண்டும். அரசு மருத்துவமனையில் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். காது விஷயம் என்றால் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். சட்டத்தின் கணக்குப்படி இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் குறைவாகக் கேட்பவர். டாக்டர் மொத்தமாகப் பார்த்து ஒரு சதவீதம் போடுவார். அது 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் 5 சதவீத ஒதுக்கீட்டில் வர முடியும்.

39 என்று போட்டுவிட்டால்? ஒதுக்கீடு கிடையாது. ஆனால் கல்லூரி அவனைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவனுக்குத் தேவையான வசதியைச் செய்து தரமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் என்பவர் யு.பி.எஸ்.சி.க்கு எதிராகப் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்குக் கையால் எழுத முடியாத பிரச்சினை. தேர்வில் தனக்குப் பதிலாக எழுத ஒரு ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். 40 என்பது ஒதுக்கீட்டுக்கான கோடு, உதவிக்கான கோடு அல்ல என்று கோர்ட் சொன்னது.

இன்னொரு பக்கம், 40-க்கு மேல் இருந்தால் "உன்னால் முடியாது" என்று திருப்பி அனுப்பும் பழக்கமும் இருந்தது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் என்ற மருத்துவ மாணவர் வழக்கில் இதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது உச்சநீதிமன்றம். வெறும் சதவீதத்தைப் பார்த்து ஆளைத் தள்ளக்கூடாது, இந்தப் படிப்பை இந்த ஆளால் படிக்க முடியுமா என்று நிபுணர் குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்றது. டாக்டருக்கே அப்படியென்றால் டிப்ளமோவுக்குச் சொல்ல வேண்டுமா?

ஆனால் கோர்ட் சொல்வது காந்திபுரம் வரைக்கும் வந்து சேர நாளாகும். என் நண்பன் மெக்கானிக்கல் கேட்டான். அவனுடைய அம்மாவே, "ஏனுங் கண்ணு, இவனை மெஷின்கிட்ட நிக்க உடலாமுங்களா? ஆராச்சும் கத்துனாக்கூடக் கேக்காதே" என்று என்னிடம் கேட்டார்கள். சேர்ந்த இடத்திலும் அதையே மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டார்கள். கடைசியில் என்னோடு எலெக்ட்ரிகலில் சேர்ந்தான்.

அந்த அம்மாவின் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. நியாயமான பயம். ஆனால் பதிலும் இருக்கிறது. ஆபத்து வந்தால் சத்தம் மட்டும்தான் எச்சரிக்க வேண்டுமா? மெஷின் ஓடுகிறதா என்பதற்குச் சிவப்பு விளக்கு, ஷாப் முழுவதும் சுழலும் விளக்கு, கைக்கெட்டும் இடத்தில் எமர்ஜென்சி ஸ்விட்ச் என்று போட்டால், அது காது கேட்பவனையும் சேர்த்துத்தான் காப்பாற்றும். இரைச்சலான ஷாப் புளோரில் யாருக்குத்தான் ஒழுங்காகக் காது கேட்கிறது? சிட்கோ பக்கம் ஃபவுண்டரியில் முப்பது வருடம் வேலை செய்தவர்களிடம் பேசிப் பாருங்கள். நாம் கத்தித்தான் பேச வேண்டும்!

நடந்த உதாரணமும் உண்டு. வேலூர் மாவட்டம் காட்பாடியில் 'வொர்த் டிரஸ்ட்' இருக்கிறது. 1963-இல் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு வேலை பழக்குவதற்காகத் தொடங்கிய மையத்திலிருந்து வளர்ந்தது. பிறகு எல்லா வகை மாற்றுத்திறனாளிகளும் அங்கே லேத், மில்லிங் என்று தொழில் பழகி, பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தார்கள். பார்வையற்றோர் பிரெய்ல் எழுத்தை அடிக்கும் 'பெர்க்கின்ஸ் பிரெய்லர்' என்ற மெஷினும் அங்கே தயாராகிறது. ஆறு சாவி, ஒரு ஸ்பேஸ் பார், உள்ளே முழுக்க மெக்கானிசம். மெக்கானிக்கல் நண்பர்கள் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டீர்கள். ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் தொடக்க காலத்திலிருந்தே காது கேளாதவர்களையும் மற்ற மாற்றுத்திறனாளிகளையும் உற்பத்திப் பிரிவில் எடுத்திருக்கிறது. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் பொடிப் பொடிச் சாமான்களைக் கோப்பதற்குக் காது எதற்கு?

சரி, இப்படிப்பட்டவர்களுக்குப் படிப்பு எங்கே சொல்லிக் கொடுப்பது? தனிக் கல்லூரியிலா, நம்மோடு சேர்த்தா?

இரண்டு வழியும் இருக்கிறது. நம் சத்தியமங்கலம், திம்பம் மலை ஏறி சாம்ராஜ் நகர் வழியாகப் போனால் மைசூர். அங்கே ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் 1991-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு பாலிடெக்னிக் தொடங்கியது. எல்லோரும் அங்கே ஒரே மாதிரி. சைகை மொழி தெரிந்தவர்கள் பாடம் நடத்துவார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது முதல் வழி.

இரண்டாவது வழி, 1999-2000-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எடுத்தது. நாடு முழுவதும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பாலிடெக்னிக்குகளில் 50-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு 25 மாற்றுத்திறனாளி மாணவர்கள், மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில், ஒரே டிப்ளமோ. அதாவது 1,250 பேர். சாய்தளம், தேவையான கருவி, உதவித்தொகை எல்லாம் அந்தத் திட்டத்தில் வரும். டிப்ளமோ படிக்க முடியாதவர்களுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சியும் அங்கேயே உண்டு.

எது நல்லது? என் நண்பனிடமே கேட்டேன். நோட்டில் எழுதிக் காட்டினான்: "அங்கே பேச ஆள் இருக்கும். இங்கே வேலை கிடைக்கும்." இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? ஆனால் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அவன் நம்மோடு படித்தால் அவனுக்கு என்ன லாபம் என்று மட்டுமே எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். நாளைக்கு நாம்தான் சூப்பர்வைசர் ஆகப் போகிறோம், நாம்தான் குட்டி கம்பெனி தொடங்கப் போகிறோம். காது கேளாத ஒருவனோடு மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவன், வேலை கேட்டு அப்படி ஒருவன் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப மாட்டான்.

இனி அட்டெண்டன்ஸ். உண்மையில் இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

80 சதவீதம் என்பது நம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் விதி. ஒரு செமஸ்டருக்குப் பதினாறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 80 நாள். அதில் 64 நாள் வர வேண்டும். 16 நாள் லீவு போடலாம். மெடிக்கல் போன்ற காரணத்துக்குச் சான்றிதழோடு போனால் இன்னும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். 2015-இல் வந்த 'எம்' திட்டத்தில் அட்டெண்டன்ஸுக்கு மார்க்கே இருந்தது: 80-ஐத் தொட்டால் ஒரு மார்க், 96-ஐத் தாண்டினால் ஐந்து. நம் சீனியர்கள் இந்த ஐந்து மார்க்குக்காக ஜுரத்தோடு வந்து உட்கார்ந்த கதையெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நமக்கு அந்த 16 நாள் என்பது கட் அடிப்பதற்கும் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பிக்கும் போகிற நாள். நண்பனுக்கு அந்த 16 எப்படிப் போகிறது பாருங்கள்.

அட்டை புதுப்பிக்க ஒரு நாள். ஆடியோகிராமுக்கு ஒரு நாள். டாக்டர் அன்று வரவில்லை என்றால் இன்னொரு நாள். உதவித்தொகைக்குக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலுள்ள நல அலுவலகம் ஒரு நாள். காது மெஷின் வியர்வை பட்டுப் பழுதானால் ரிப்பேருக்கு ஒரு நாள், திரும்ப வாங்க ஒரு நாள். அதற்குள்ளே போடுகிற பொத்தான் பேட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் வரும். தீர்ந்தால் கடை தேட வேண்டும். இத்தனையும் வார நாளில் பத்து முதல் ஐந்துக்குள்தான் நடக்கும். அதாவது, தான் படிக்கத் தகுதியானவன் என்று நிரூபிக்கப் போன நாளெல்லாம் படிக்க வராத நாளாகக் கணக்காகிறது!

நடக்கச் சிரமப்படுபவர்கள் கதை வேறு. காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குக் காலை எட்டரைக்குப் போய்ப் பாருங்கள். பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக பேக், கர்ச்சீப், டிபன் பாக்ஸ் எல்லாம் சீட் பிடித்துவிடும். முதல் படி நம் முழங்கால் உயரம். காலிப்பர் போட்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் ஏறுவதற்குள் டபுள் விசில் அடித்துவிடும். 2021-இல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, அடுத்த மாதமே அதை மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் நீட்டித்தார்கள். நல்ல காரியம். ஆனால் நம் ஊரில் தனியார் டவுன் பஸ் நிறைய, அதில் இது செல்லாது. டிக்கெட் இலவசம் என்றாலும் படியின் உயரம் குறையவில்லை. சென்னையில் 2024-இல் தாழ்தளப் பஸ் திரும்ப வந்தது, அதுவும் கோர்ட் படி ஏறிய பிறகுதான். பார்வை இல்லாதவர்களுக்கு போர்டு தெரியாது, "சிங்காநல்லூர் ஒண்டிப்புதூர் ஏறு ஏறு" என்று கண்டக்டர் கத்துவதுதான் போர்டு. என் நண்பனுக்கோ அந்தக் கத்தல் பயன்படாது, போர்டுதான் கதி. அவசரத்தில் போர்டு மாற்றாமல் பஸ்ஸை எடுத்துவிட்டால் அவன் உக்கடம் போகிற பஸ்ஸில் கணபதி போவான்.

அரசாங்கம் ஸ்கூட்டர் தருகிறதே என்பார்கள். பக்கத்தில் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், உண்மைதான். ஆனால் அதற்கு 18 வயது ஆக வேண்டும். டிப்ளமோவில் சேரும்போது நமக்கு வயது பதினைந்து, பதினாறு. ஸ்கூட்டர் வரும்போது கோர்ஸ் முடிந்திருக்கும்!

வருகை என்பது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வராதவன் சோம்பேறி. ஆனால் தமிழ்நாட்டின் சரித்திரம் வேறு சொல்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றபோது 1956-இல் காமராசர் பிள்ளைகளைத் திட்டவில்லை, மதிய உணவு போட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிகளுக்குப் 'புதுமைப்பெண்' என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்ததும் 2022-இல்தான். மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எது வரவிடாமல் தடுக்கிறது? பசியா, பஸ் காசா, வீட்டுக் கஷ்டமா?

அட்டெண்டன்ஸ் என்றாலே எனக்கு நம் ஜி.டி. நாயுடு ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராத மனிதர், 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கைத் தொடங்கினார். தொழிற்கல்விக்கு இத்தனை வருடம் மாணவனைக் கட்டி வைக்கத் தேவையில்லை, சீக்கிரமே கற்றுக்கொடுத்து அனுப்பலாம் என்பது அவர் வாதம். அரசாங்கத்தோடு ஒத்துப்போகவில்லை, விலகிவிட்டார். கல்லூரி இடம் மாறிப் போய்விட்டது. 'ஹோப் காலேஜ்' பஸ் ஸ்டாப் மட்டும் பீளமேட்டில் இன்னும் இருக்கிறது. இருந்த நாளை எண்ணுவதா, கற்ற வேலையை எண்ணுவதா என்ற அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

இப்போது வகுப்புக்குள் வருவோம். வந்து உட்கார்ந்தால் மட்டும் போதுமா? சார் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுகிறார். நமக்கு முதுகிலிருந்தும் குரல் வரும். உதட்டைப் படிப்பவனுக்கு முதுகில் என்ன தெரியும்? காது மெஷின் போட்டிருக்கிறானே என்று கேட்கலாம். அது சாரின் குரலை மட்டும் பெரிதாக்காது. ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுக்கும் சத்தம், நம் கிசுகிசு எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். வொர்க்‌ஷாப்பில் ஃபைலிங் தொடங்கினால் அவன் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிடுவான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, இதை நான் மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். நம் மாநிலத்தில் காது கேளாத மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. சலுகைதான். அதனால் பலர் தமிழை மட்டும் எழுதித் தேறி வருகிறார்கள். இங்கே வந்தால் புத்தகம் முழுக்க இங்கிலீஷ்! தமிழ் மீடியத்தில் படித்த நாமே முதல் செமஸ்டரில் திணறினோம். இங்கிலீஷே எழுதாமல் வந்தவன் நிலைமை? பள்ளியில் கொடுத்த சலுகை பாலிடெக்னிக்கில் சுவராக நிற்கிறது. சேர்ந்த முதல் மாதத்திலேயே தொழில்நுட்ப வார்த்தைகளுக்கு மட்டும் படத்தோடு ஒரு பட்டியல் கொடுத்தால் பாதிச் சுவர் இறங்கிவிடும். இது எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் இதைவிட நன்றாக யோசிப்பார்கள்.

சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. 2016 சட்டத்தின் 16-ஆவது பிரிவு. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தை எல்லோரும் புழங்கும்படி வைக்க வேண்டும், அவரவர் தேவைக்கு ஏற்ற வசதி செய்ய வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரும் பங்கெடுக்கிறாரா, தேறுகிறாரா, படிப்பை முடிக்கிறாரா என்று கண்காணிக்கவும் சொல்கிறது. அதாவது சேர்த்துக்கொண்டதோடு கணக்கு முடியவில்லை.

இனிமேல் இவர்கள் இன்னும் அதிகமாக வருவார்கள். பிறவியிலேயே காது கேளாத, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்து வருகிறார்கள். அந்தத் திட்டத்தின் ஆரம்பத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகள் இப்போது நம் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த ஜூனில் அட்மிஷன் க்யூவில் நிற்பவர்களில் யாராவது ஒருவர் அப்படியிருக்கலாம்.

சரி, 71 சதவீதம் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா?

லிஸ்ட் ஒட்டிய அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 80 நாளில் அவனுக்கு 57 நாள்தான் விழுந்திருந்தது. 23 ஆப்சென்ட். அந்த 23 தேதியையும் எடுத்து, அவனுடைய லேப் அப்சர்வேஷன் நோட்டோடு ஒப்பிட்டோம். அதில் 11 நாள் அவன் செய்த எக்ஸ்பெரிமெண்டுக்கு அதே தேதியில் ஸ்டாஃப் கையெழுத்து இருந்தது! காலையில் ஆப்சென்ட், மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் லோடு டெஸ்ட். ஆவியாக வந்து ரீடிங் எடுத்தானா என்ன?

நோட்டைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவரிடம் போனோம். அவர் அமைதியாக எல்லாத் தேதியையும் பார்த்தார். முதல் பீரியட் எடுத்த சாரைக் கூப்பிட்டார். அந்த சார் நோட்டைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் நிமிர்ந்து பார்த்திருக்கோணும்பா" என்று மட்டும் சொன்னார். 57 என்பது 68 ஆனது. 85 சதவீதம். ஹால் டிக்கெட் வந்தது.

அதன்பிறகு எங்கள் வகுப்பில் ரோல் கால் கிடையாது. ஸீட்டிங் பிளான் ஒன்று போட்டு டேபிளில் ஒட்டியாகிவிட்டது. சார் நிமிர்ந்து, காலியாக இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறார். ஐந்து நிமிடம் மிச்சம். பிராக்ஸிக்கும் வழியில்லாமல் போய்விட்டது. அதற்காகச் சிலர் என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். பாடம் நடத்தும்போது போர்டில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுகிறார். யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

அட்மிஷன் சமயத்தில் சங்கத்தின் சார்பில் வாசல் பக்கத்தில், படி ஏறத் தேவையில்லாத இடத்தில், ஒரு மேஜை போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அட்டை எங்கே வாங்குவது, எந்தச் சான்றிதழுக்கு எங்கே போவது, தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்க எப்படி மனுப்போடுவது என்று எழுதியே காட்டுகிற மாதிரி. செயலாளர் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஆகையால் நீங்களும் கொஞ்சம் அவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் முப்பத்தேழாம் நம்பரிடம் படிக்கக் கொடுத்தேன். அவனைப் பற்றி அவனைக் கேட்காமல் எழுதக்கூடாதல்லவா? பொறுமையாகப் படித்தான். மீதமிருந்த அந்த 12 நாளைப் பற்றி, ஆஸ்பத்திரிக்கும் அட்டைக்கும் காது மெஷினுக்கும் அலைந்தே தீர்ந்த நாள்கள் என்று உருக்கமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினான்: "ஒம்பது நாள்தான் அது. மூணு நாள் தியேட்டர்."

தமிழ்ப் படத்துக்கு இங்கே சப்டைட்டில் போடுவதில்லையே, உனக்கு என்னடா புரியும் என்று கேட்டேன்.

"சண்டைப் படத்துக்கு எதுக்குடா சப்டைட்டில்?" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினான்.

— மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்